காத்திருப்புக்கு ஒரு கணக்கு

கூட்டம் என்றால் யாரையாவது திட்டுவது மனித சுபாவம். டிக்கட் ஜன்னலானால் குமாஸ்தாவை. அந்தக் காலத்து டெலிபோனானால் இணைப்புக் கொடுக்கும் பெண்ணை. அந்தப் பழியில் பாதியைக் கணக்கினாலேயே நீக்கிவிடக்கூடிய மனிதர் ஒருவர் இருந்தார் என்று அறிந்தபோது, ராஜாக்களின் சரித்திரத்தைவிட அவர் சரித்திரம் எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

அவர் பெயர் ஆக்னர் க்ராருப் எர்லாங். டென்மார்க்கில் லோன்போர்க் என்ற கிராமத்தில், பள்ளி ஆசிரியரின் மகனாக 1878-ல் பிறந்தவர். கணிதம் படித்து, தாமும் வாத்தியாராக இருந்துவிட்டு, 1908-ல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தார். காகிதமும் பென்ஸிலுமாக அறையிலேயே உட்கார்ந்துவிடவில்லை. ஏணி சுமந்த ஆள் ஒருவன் பின்தொடர, தெருக் குழிகளில் இறங்கிக் கேபிள்களைச் சோதித்தார்.

ஊரில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவதில்லை. ஆகவே ஆளுக்கொரு இணைப்புக் கம்பி வேண்டியதில்லை. ஆனால் எத்தனை போதும்? குறைத்தால் சந்தாதாரருக்குக் கோபம். கூட்டினால் கம்பெனிக்கு நஷ்டம். யார் எப்போது கூப்பிடுவார் என்று தனித்தனியே சொல்ல முடியாது. ஆயினும் மொத்தத்தில் அந்த அழைப்புகள் ஒரு நியதிக்கு உட்பட்டவை என்று எர்லாங் 1909-ல் காட்டினார். எத்தனை கம்பி இருந்தால் எத்தனை பேர் ஏமாந்து திரும்புவார்கள், எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பதற்கு 1917-ல் சூத்திரமே வகுத்துவிட்டார்.

ஒரு கம்பி ஒரு மணி நேரம் முழுவதும் பேச்சிலேயே இருந்தால், அந்தச் சுமைக்கு ஓர் எர்லாங் என்று பெயர். நூற்றுக்கு ஓர் அழைப்புக்கு மேல் தவறக்கூடாது என்றால், 10 கம்பிகள் சுமார் 4.5 எர்லாங்தான் தாங்கும். இப்படிப் பத்துக் குழுக்களைத் தனித்தனியே வைத்தால் 45. அதே 100 கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால்? 84! ஒரு கம்பிகூடக் கூடவில்லை. ஓரிடத்தில் சும்மா இருப்பது இன்னோரிடத்து நெருக்கடிக்குக் கைகொடுக்கிறது, அவ்வளவுதான். கூட்டுக் குடும்பத்தில்தான் சிக்கனம் என்று பாட்டிமார் சொன்னதை எர்லாங் கணிதத்தில் எழுதிவிட்டார்!

இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. வேலையாளை ஒரு நிமிஷமும் ஓய விடாத நிர்வாகம், வாடிக்கைக்காரரை வெகு நேரம் நிற்க வைத்தே தீரும். அந்தப் பெண் சற்றுச் சும்மா இருந்தாளே, அது சோம்பலல்ல. அடுத்து வரும் அழைப்புக்காக வைத்திருந்த இடம்.

எர்லாங் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1929-ல், ஐம்பத்தோராவது வயதில் காலமானார். 1946-ல் அவர் பெயர் அளவையாயிற்று. 1986-ல் ஸ்வீடனில் எரிக்ஸன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் மொழி உருவாகத் தொடங்கியது. அதற்கும் எர்லாங் என்றே பெயர். அதில் ஆயிரக்கணக்கான சிறு வேலையாட்கள் செய்திகளை வாங்கிச் சுமையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவன் விழுந்தால் அவனிடத்தில் புது ஆள் வந்து நிற்கிறான். வாட்ஸ்அப் அந்த மொழியில்தான் வளர்ந்தது. "சாப்பிட்டாயா?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் தாய்மார்களுக்கு அவர் பெயர் தெரியாது. அவர்களை அதிக நேரம் காக்க வைக்காமலிருப்பதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.