பர்மாக்காரர் கேட்ட கேள்வி

கொடுமுடியில் காவிரிக்குச் செல்லும் தெருவில் ஒரு முதியவர் வாழ்ந்தார். ஊரார்க்கு அவர் ‘பர்மாக்காரர்’. 1962 மார்ச் 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே மாதம் 50, 100 கியாத் தாள்கள் செல்லாதவையாயின. ஆயிரமாயிரம் தமிழரோடு இவரும் ஒரு தகரப்பெட்டியுடன் கப்பலேறினார். செய்தித்தாளை நான் வாசிக்கும்போதெல்லாம், “பட்டாளம் பாசறைக்குத் திரும்பிற்றா?” என்று கேட்பார்.

1990 மே மாதத் தேர்தலில் ஆங் சான் சூ கீயின் கட்சி 392 இடங்களை வென்றது. இராணுவம் அத்தீர்ப்பை ஏற்க மறுத்தது. 1988 கிளர்ச்சியின்போது மக்கள் பக்கம் நின்ற இந்தியா, 1993 முதல் தளபதிகளோடும் பேசத் தொடங்கியது. 1995இல் அதே அம்மையாருக்கு நேரு விருதும் வழங்கியது. இதை இரட்டை வேடம் என்பர் பலர். 1,643 கிலோமீட்டர் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாட்டுக்கு வேறு வழி எளிதன்று என்பதே என் எண்ணம்.

ஐ.நா. தூதராக 2000இல் வந்த மலேசியர் ரசாலி இஸ்மாயிலின் முயற்சியால் 2002 மே மாதம் அம்மையார் விடுதலையானார். ஓராண்டில் தெபாயினில் அவரது அணிமேல் தாக்குதல் நடந்தது, மீண்டும் சிறை. நாட்டுக்குள் நுழையவே அனுமதி கிட்டாமல் ரசாலி 2006இல் பதவி துறந்தார். அவருக்குப்பின் கம்பாரி, விஜய் நம்பியார்.

2008இன் அரசியலமைப்பு இராணுவத்துக்கு நாடாளுமன்றத்தில் கால்பங்கு இடங்களை ஒதுக்கியது. திருத்தம் செய்யவோ முக்காற்பங்குக்கு மேல் வாக்கு வேண்டும்! பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சும் தளபதியின் கையில். பூட்டைக் கொடுத்துச் சாவியை வைத்துக்கொண்ட கதைதான். தூதர்கள் இதை அறியாதவரல்லர். கிடைத்ததைப் பற்றிக்கொண்டு மேலும் கேட்கலாம் என நம்பினர். 2016இல் மக்கள் தேர்ந்த அரசு அமைந்தபோது அந்நம்பிக்கை வீண் எனச் சொல்ல எவர்க்கும் துணிவில்லை.

2015இல் யாங்கூன் பேராயர் சார்லஸ் போ அந்நாட்டின் முதல் கர்தினாலானார். 2017 மே மாதம் திருப்பீடம் முழுத் தூதுறவை ஏற்படுத்தியது. நவம்பர் 27ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் யாங்கூனில் இறங்கினார். அன்று மாலையே, மறுநாள் சந்திக்கவிருந்த ஆட்சித்தலைவர்களுக்கு முன்னதாக, படைத்தலைவர் மின் ஆங் லைங் பேராயர் இல்லத்துக்கு வந்துவிட்டார். அதிகாரம் எங்கிருக்கிறது என்பதை அவ்வருகையே காட்டிற்று. இலட்சக்கணக்கான ரோகிங்கியர் துரத்தப்பட்டிருந்த வேளை. எனினும் கர்தினாலின் ஆலோசனைப்படி திருத்தந்தை அப்பெயரை அம்மண்ணில் உச்சரிக்கவில்லை. டாக்காவில்தான் உச்சரித்தார். அந்த மௌனம் பேச்சுவார்த்தையின் கதவைத் திறந்து வைத்தது என்பர்; எனக்கு அது இன்றளவும் உறுத்துகிறது.

2021 பெப்ரவரி முதல் நாள் அதே படைத்தலைவர் ஆட்சியைப் பறித்தார். ஏப்ரலில் ஆசியான் தலைவர்கள் ஜகார்த்தாவில் ஐந்து அம்ச உடன்பாடு கண்டனர், சுடுவது நிற்கவில்லை.

அதற்குமுன், மார்ச் 8ஆம் நாள், மிச்சினா நகரில் ஆன் ரோஸ் நு தாங் என்ற கன்னியர் காவலர்முன் மண்டியிட்டு, பிள்ளைகளைச் சுடவேண்டாமென மன்றாடினார். காவலர் இருவரும் அவரெதிரே மண்டியிட்டுக் கைகுவித்தனர். சற்றுநேரத்தில் துப்பாக்கிகள் வெடித்தன.

பர்மாக்காரர் இதையெல்லாம் காண இல்லை. தகரப்பெட்டி அவர் பேரனிடம் இருக்கிறது.