பட்வா மாளிகைகள்



வீடு கட்டுவோர் முதலில் தேடுவன நீரும் மரமும். அவ்விரண்டும் அரிதான ஜெய்சல்மேர் நகரில் ஒரு வணிகக் குடும்பம் எழுப்பிய ஐந்து மாளிகைகளைப் பற்றி இன்று சிந்திப்போம்.

இராஜஸ்தானத்தின் மேற்கே, தார்ப் பாலைவனத்தில், 1156-ஆம் ஆண்டில் தோன்றியது இந்நகரம். சிந்து நாட்டை நோக்கிச் சென்ற ஒட்டக வணிகப் பாதை இதனை வளப்படுத்தியது. அவ்வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய குமான் சந்த் பட்வா, தம் புதல்வர் ஐவருக்கும் தனித்தனி மாளிகை அமைக்கக் கருதினார். 1805-ஆம் ஆண்டளவில் தொடங்கிய பணி, ஐந்தும் நிறைவுற ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது.

இம்மாளிகைகளை வடநாட்டார் ஹவேலி என்பர். மஞ்சள் மணற்கல்லால் ஆன இவற்றின் முகப்பில், 'ஜரோக்கா' எனப்படும் மாடங்கள் வரிசை வரிசையாக வெளியே நீண்டு நிற்கின்றன. அவற்றின் நுண்துளைப் பலகணிகள் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுவன. மாதர் பிறர் கண்ணில் படாமல் வீதியைக் காணவும் உதவின. ஆழச் செதுக்கிய சிற்பங்கள் சுவரின்மேல் தாமே நிழல் வீழ்த்துகின்றன. குறுகிய சந்தும் உயர்ந்த சுவர்களும் நண்பகல் வெப்பத்தைத் தணிக்கின்றன. நடுமுற்றம் இரவின் குளிர்ச்சியை அறைகளுக்கு வழங்குகிறது. சாந்து குழைக்கவும் நீர் வேண்டுமன்றோ? ஆதலால் இந்நகரத்துச் சிற்பிகள் கற்களை ஒன்றோடொன்று பொருந்துமாறு செதுக்கி, சாந்தின்றியே இணைக்கும் முறையைக் கையாண்டனர். ஆகவே இங்கே அழகு என்பது ஆடம்பரம் மட்டுமன்று. தட்டுப்பாட்டிற்குக் கண்ட விடையுமாகும்.

பம்பாய்த் துறைமுகமும் இருப்புப்பாதையும் வளர, ஒட்டகப் பாதை தளர்ந்தது. 1947-இல் தேசப் பிரிவினையால் சிந்துவின் வழியும் அடைபட்டது. இன்று இம்மாளிகைகளுள் சில அரசின் பாதுகாப்பில் உள்ளன; ஒன்று தனியார் காட்சிசாலையாக விளங்குகிறது.

ஆயினும் பாதுகாப்பு என்பது அறிவிப்புப் பலகையோடு முடிவதன்று. இதே நகரின் குன்றின்மேல் நிற்கும் கோட்டையைப் பாருங்கள். குடங்களில் நீர் சுமந்த காலத்திற்கென அமைந்த அதற்குள் குழாய் நீர் வந்தது. கழிவுநீர் நிலத்தில் கசிந்தது. அடித்தளம் இளகி, சில சுவர்கள் சரிந்தன. 1996-இல் உலக அளவிலான அபாயப் பட்டியலில் அக்கோட்டை இடம்பெற்றது. வறட்சியை வென்ற கட்டடக் கலை நீர்க்கசிவின்முன் தளர்ந்தது! ஒரு பழைய கட்டடத்தைக் காப்போர், அது எத்தகைய வாழ்க்கைக்காகக் கட்டப்பட்டது என்பதையும் அறிதல் வேண்டும்.

வடபுலத்தில் வாழும் தமிழன்பர்கள் வாய்ப்பு நேரும்போது ஜெய்சல்மேர் சென்று வருக. மாடத்துச் சிற்பங்களை வியந்தபின், சுவரின் அடியில் ஈரம் ஏறியிருக்கிறதா என்றும் ஒருமுறை நோக்குக.