காளாஞ்சகப் படையும் வெட்பாலைத் தைலமும்: திருவாலங்காட்டு வட்டார உழைப்பாளரை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

உயிருக்கு உடனடி அபாயம் விளைக்காமல், ஆயினும் ஆயுள் முழுவதும் மனிதனை விட்டு நீங்காமல் நிற்கும் நோய்களுள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கது, சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப் படை என்றும் ஆஸ்பத்திரிகளில் சொரியாசிஸ் என்றும் வழங்கும் நீடித்த சரும அழற்சியாகும். மூலிகைத் தைலத்தாலும் பத்தியத்தாலும் தினசரி ஒழுங்காலும் இந்நோய்க்கு விளையும் நன்மை மெய்யானது என்பதும், அந்த நன்மையைக் காரணம் காட்டி ஏனைய சிகிச்சையை விலக்குவது தகாது என்பதும், அது கைகூடுவது நோயாளியின் மனவுறுதியைக் காட்டிலும் அவன் உழைக்கும் இடத்தின் நிலைமையையே பெரிதும் பொறுத்தது என்பதும் இக்கட்டுரையின் கட்சி.

ஆரோக்கியமான சருமத்தில் அடியடுக்கில் பிறக்கும் உயிரணு மேலேறி உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். இந்நோயிலோ, சரீரத்தின் தற்காப்புச் சக்தி தன்மேலேயே திரும்பி அழற்சியைத் தூண்டுவதால், அம்மாற்றம் சில தினங்களுக்குள் நடந்தேறி, முதிராத உயிரணுக்கள் வெள்ளிச் செதில்களாகக் குவிகின்றன. இது ஒட்டுவாரொட்டி அன்று. இதனைக் குஷ்டத்தினின்று தெளிவுறப் பிரித்துக் காட்டியவர் வியன்னா நகரத்து வைத்தியர் ஹெப்ரா, ஆண்டு 1841. உலக சுகாதார மகாசபையும் 2014-இல் இதனைத் தொற்றாத கொடிய நோயென அங்கீகரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வாறிருந்தும், முழங்கையில் செதில் கண்டவனுக்கு அருகில் அமரத் தயங்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை வைத்திய வீரராகவர் என்று போற்றி, அக்கோயிலின் ஹிருத்தாபநாசினித் தீர்த்தத்தில் வெல்லம் கரைத்துச் சரும நோய் தீரப் பிரார்த்திக்கும் மக்களின் நம்பிக்கையில், அரிப்பின் வேதனையோடு இந்த அவமானத்தின் வேதனையும் கலந்திருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

இனித் தைலத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். வெட்பாலை இலைகளை இரும்பு படாமல் கையால் கிள்ளித் தேங்காயெண்ணெயில் இட்டுச் சில தினங்கள் சூரியபுடத்தில் வைத்தால், எண்ணெய் படிப்படியாகக் கருநீலம் பாய்ந்த ஊதா நிறம் கொள்ளும். சென்னை அரும்பாக்கத்து மத்திய சித்த ஆராய்ச்சி நிலையத்தில் ‘777 எண்ணெய்’ என்ற பெயரால் ஆராயப்பட்டதும் வெட்பாலை சேர்ந்த தைலமே. தைலத்தின் அந்த ஊதா நிறம் தற்செயலானதன்று, அவுரியைப் போலவே வெட்பாலை மரமும் நீலச் சாயம் தருவது. அதன் இலையில் காணப்படும் இண்டிரூபின் என்னும் பொருள், சீன வைத்தியத்தில் பயிலும் நீலச் சூரணத்திலும் உள்ளது; அச்சூரணத்தாலான களிம்பை இந்நோயாளிகளிடம் பரீட்சித்துப் பயன் கண்ட தைவான் மருத்துவர்களின் ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. இரு வேறு தேசத்து வைத்திய மரபுகள், ஒரே நீலத்தை ஒரே நோய்க்குப் பிரயோகித்திருப்பதை நான் அற்பமான ஒற்றுமையாகக் கருதவில்லை. பிரேசில் நாட்டு மரமொன்றின் தூள் போர்த்துக்கேயர் வழியாகக் கோவாவை அடைந்து, ‘கோவாத் தூள்’ என்று படைமருந்தாகி, பின்னர் ஐரோப்பியரால் இந்நோய்க்கும் பயன்பட்டு, 1916-இல் டித்ரனால் என்ற செயற்கை மருந்துக்கு வழிகோலிய வரலாறும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது. இயற்கை மருந்து, ஆங்கில மருந்து என்று நடுவே மதில் எழுப்புவோர் இவ்வரலாற்றை மறந்தவர்கள்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். பெயர் தெரியாத சூரணங்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு இரகசியமாகக் கலக்கப்படுவதுண்டு. உண்ட சில நாளில் சருமம் பளிங்குபோல் ஆகிவிடும், நிறுத்தியவுடனோ தேகம் முழுவதும் சிவந்து சீழ்க்கொப்புளம் கிளம்பி உயிருக்கே ஆபத்து நேரலாம். காலையில் விரல் மூட்டுகள் விறைத்து வீங்குமாயின் நோய் மூட்டுக்குள் புகுந்ததற்கு அது அறிகுறியாகலாம். அங்கே வெளித்தைலம் போதாது, காலந்தாழ்த்தினால் விரல்கள் கோணிப்போகும். இந்நோய்க்குத் தரப்படும் மெதோட்ரெக்ஸேட் போன்று வாரம் ஒருமுறை மட்டுமே உண்ணவேண்டிய மாத்திரையைத் தினந்தோறும் உண்டுவிடும் விபரீதத்தையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலாது.

மதுவையும் பீடியையும் விடுதல், பருத்த உடலை இளைக்கச் செய்தல், ஸ்நானம் முடிந்த ஈரத்தோடே எண்ணெய் பூசுதல், நேரத்தில் நித்திரை கொள்ளுதல் ஆகிய உபதேசங்கள் அனைத்தும் சரியானவையே. ஆனால் யாருக்கு உபதேசிக்கிறோம்? திருவாலங்காட்டிலிருந்து விடியுமுன் ரயிலேறி ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் செல்பவனும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலையில் மாறிமாறி இரவுவேலை பார்ப்பவனும் எந்த நேரத்தில் உறங்குவது? காயமோ உராய்வோ பட்ட இடத்திலெல்லாம் இந்நோய் புதிதாக முளைக்கும் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கெப்னர் என்னும் ஜெர்மானியர் கண்டு கூறினார். கனத்த பாதுகாப்புக் காலணி குதிகாலில் உராய்வதும், தலைக்கவசத்தின் பட்டை நெற்றியை அழுத்துவதும், தீப்பொறி முன்கையில் தெறிப்பதும், கிரீஸைப் போக்கக் காரமான சோப்புத்தூளால் கையைத் தேய்ப்பதும் அவ்விதியின் நித்திய உதாரணங்கள். உள்ளங்கை வெடித்தவன் இரும்புக் கம்பியைப் பற்றும்போது படும் துன்பத்தை, வீட்டில் அமர்ந்து பத்தியம் காப்பவனுடைய அளவுகோலால் அளப்பது நியாயமாகாது.

பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் உள்ள 11-ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும், அங்கே பணிபுரிந்தோர்க்குரிய ஊதியத்தையும், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளையும் பெயர் பெயராகப் பொறித்து வைத்திருக்கிறது. பராமரிப்பு என்பது நோயாளியின் தனிக்கடமை அன்று, பொதுச் செலவில் நடக்கவேண்டிய காரியம் என்ற கொள்கை இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, தொழிலாளர் கைகால் கழுவுதற்குப் போதிய வசதியை அப்போதே கட்டாயமாக்கியது. கழுவுமிடத்தில் காரமற்ற சோப்பும் வாசலினோ தேங்காயெண்ணெயோ வைப்பதற்கும், கையுறைக்குள் அணியப் பருத்தி உறை வழங்குவதற்கும், நோய் முற்றியவனைச் சிறிதுகாலம் உலைமுகத்திலிருந்தும் இரவுவேலையிலிருந்தும் கூலி குறையாமல் மாற்றுவதற்கும் பெரும் பொருள் வேண்டியதில்லை. இச்சலுகைகள் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உரியவை என்று எழுத்தில் உறுதி செய்யப்படவேண்டும், ஏனெனில் உலையின் முன் நிற்பவர்களுள் பலர் அவர்களே.