இசைத்தட்டும் தோலும்

நம் ஆம்பூர், வாணியம்பாடிப் பெரியவர்கள் தோல் வியாபாரத்தின் பொருட்டுச் சென்னைப் பெரியமேட்டுக்குச் சென்று வந்த நாட்களில், அதே நகரின் மவுண்ட்ரோட்டில் குரலை விற்கும் வியாபாரம் ஒன்று தழைத்திருந்தது. அதன் வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

1902-இல் கல்கத்தாவில் கவுஹர் ஜான் பாடிய பாடல்கள் தட்டில் பதிவாயின. 1908-இல் அந்நகரில் இசைத்தட்டு ஆலையும் எழுந்தது. இரண்டும் ஆங்கிலேயரின் கிராமபோன் கம்பெனி செய்தவை. தமிழர் பாடித் தமிழர் கேட்கும் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அயலாரிடம் இருந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் குறிப்பிடத்தக்கவர். தந்தையாரின் கடையில் இசைத்தட்டு விற்றுப் பழகிய அவர், 1932-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெர்மானிய ஓடியன் முத்திரைத் தட்டுகளை விற்றதோடு நில்லாமல், பாடகர்களைத் தாமே தேர்ந்து பதிவு செய்வித்தார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமே பாட முடியும். அந்த அளவுக்குள் நம் மக்கள் எதை விரும்புவர் என்பதை நம் மண்ணில் பிறந்தவர்களே கணித்தனர்.

ஆயினும் அச்சுதந்திரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. 1931-இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து இ.எம்.ஐ. என்னும் ஒரே நிறுவனமாயின. கொலம்பியாவின் பிடியிலிருந்த ஓடியனும் அதனுள் அடங்கிற்று. தட்டுக்கான அரக்கு சோட்டா நாகபுரிக் காடுகளில் விளைந்தது, குரல் நம்முடையது, முத்திரையோ இலண்டனுக்குக் கட்டுப்பட்டது.

தோல் ஷாப்புக்காரர்களுக்கு இது புதிய கதையன்று. ஆவாரம்பட்டையில் நாம் பதனிட்ட தோலும் இலண்டன் ஏலத்தில்தான் விலை கண்டது. 1970களில் அரைப்பதனத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பின்னரே, முழுப்பதனமும் காலணியும் நம் ஊர்களில் பெருகின. மெய்யப்பனும் தட்டோடு நிற்கவில்லை. படத்துறையில் இறங்கி, 1945-இல் ஏவி.எம். நிறுவனத்தைத் தோற்றுவித்தார். கடைசிப் படிவரை தன் கையில் இருந்தால்தான் தொழில் தனதாகும் என்பதை இரு கதைகளும் உணர்த்துகின்றன.

அரக்குத்தட்டு கை தவறினால் உடைந்துவிடும். நம் வீட்டுப் பரண்களில் பழைய தட்டுகள் கிடந்தால், தூசி துடைத்து நிமிர்த்தி வைப்போம். அவற்றின் நடுவே ஒட்டிய காகிதத்தில் பாடியவர் பெயரும் முத்திரையும் எண்ணும் இருக்கும். அவற்றைக் குறித்தும் வைப்போம். 2015-இல் மறைந்த நாகூர் ஹனீபாவின் குரல் தட்டிலும் நாடாவிலும் இருந்ததால்தானே நம் பேரப்பிள்ளைகளின் செவிக்கும் எட்டுகிறது?