இது யாருக்குப்பா உபயோகம்? – ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டின் முன்கதை

பெரம்பலூர் பக்கம் எஞ்சினியரிங் கடைசி வருஷம் படிக்கும் அக்கா பையன் போன மாதம் போன் பண்ணினான். "மாமா, ஜீரோத் ரிவியூ வருது. நல்ல டைட்டிலா ஒண்ணு சொல்லுங்களேன்."

என் காலத்திலும் இதே கதைதான். மூன்று பேர் ஒரு பேட்ச். திருச்சிக்கு பஸ் ஏறி, ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் ஐஇஇஇ தலைப்புப் பட்டியலைப் புரட்டி, ஒன்றைக் காட்டிப் பணம் கட்டினோம். கோடு, ரிப்போர்ட், பைண்டிங் எல்லாம் அவர்களே. வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டது ஒரே கேள்வி: "இது யாருக்குப்பா உபயோகம்?" மூன்று பேரும் தரையைப் பார்த்தோம். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துவதால்தான் இந்தக் குறிப்பு.

கணிப்பொறியின் வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெரியும். ஆரம்பத்தில் அது யாருக்குமே முதல் பாடம் இல்லை. கேம்பிரிட்ஜ் 1953-ல் ஓராண்டு டிப்ளமோ தொடங்கியபோது, வேறு பாடம் படித்துவிட்டு வந்தவர்களுக்காகத்தான் தொடங்கியது. இந்தியாவின் முதல் கணிப்பொறி 1955-ல் வந்து இறங்கியது கல்கத்தாவின் புள்ளியியல் நிறுவனத்தில். கணக்குப் போட்டு மாளாத இடம் அது. 1963-ல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்தது, 1973-ல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370. அதைத் தேடி வந்தவர்களில் சிவில்காரர்களும் இயற்பியல்காரர்களும் உண்டு. கேள்வி அவர்கள் கையில் இருந்தது, விடைக்குத்தான் கணிப்பொறி.

பிரிட்டனில் ஜாயின்ட் ஹானர்ஸ் என்று ஒரு பட்டம் உண்டு. கம்ப்யூட்டிங்கும் கணிதமும், கம்ப்யூட்டிங்கும் புவியியலும் என்று இரண்டு பாடங்களையும் சரிசமமாகப் படிக்கலாம். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டில் இரண்டையும் முடிச்சுப் போட ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. நம் ஊர் கலைக் கல்லூரிகளில் அதற்குக் கிட்டத்தில் இருப்பது மேஜர், அலைடு முறை. ஆனால் அலைடு பெரும்பாலும் இரண்டாம் வருஷத்தோடு முடிந்துபோகும். ப்ராஜெக்ட் செய்யும் நேரத்தில் அது மறந்தே போயிருக்கும்.

எஞ்சினியரிங்கில் அலைடும் இல்லை. 1984-க்குப் பிறகு தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பேட்ச்களுக்கு டைட்டில் தேவைப்பட்டது. கேள்வி இல்லாதவனுக்கு விடை விற்கும் கடைதான் ப்ராஜெக்ட் சென்டர்.

இந்த வட்டாரத்தில் கேள்விக்கா பஞ்சம்? பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, வயது சுமார் 12 கோடி ஆண்டு. அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடி. கே, கன்லிஃப் என்ற இருவர் தென்னிந்தியாவில் திரட்டிய கடல் உயிரிகளின் படிமங்களைப் பற்றி எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-லேயே லண்டனில் எழுதிவிட்டார். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட் ஓடுகளை வாரணவாசி அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

அங்கே போய்ச் சேராதவையும் உண்டு. அதே சுண்ணாம்புக்கல்லைத்தான் சிமென்ட் ஆலைகளுக்காகத் தோண்டுகிறார்கள். யார் கண்ணிலும் படாத ஓடு அரைபட்டுச் சூளைக்குள் போய்விடும். அப்புறம் அது எந்த ஊர்க் கல், எந்த அடுக்கில் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1960-களில் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் டேவிட் ராப் அதைச் செய்து காட்டினார். சுற்று எவ்வளவு வேகமாக விரிகிறது, அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, அச்சின் வழியே எவ்வளவு இறங்குகிறது, குழாயின் வாய் என்ன வடிவம் – இந்த நான்கு அளவுகளை வைத்துக்கொண்டு கணிப்பொறியில் ஓடுகளை வரைந்தார். நத்தை, சிப்பி, அம்மோனைட் எல்லாமே அதில் அடங்கின. இயற்கை எந்த வடிவங்களை உண்டாக்கவே இல்லை என்பதும் அதில் தெரிந்தது. புவியியல் மட்டும் தெரிந்தவரோ கணிப்பொறி மட்டும் தெரிந்தவரோ தனியாகச் செய்திருக்க முடியாத வேலை.

ராப்புக்குப் பெரிய இயந்திரம் வேண்டியிருந்தது. என் மருமகனிடம் இருப்பது ஒரு செல்போன். ஓட்டைப் படம் எடு, எடுத்த இடத்தைக் குறி, படத்திலிருந்து சுருளின் அளவுகளைக் கணக்கிட்டுப் பதிவு செய். மூன்று பேர் ஒரு செமஸ்டரில் முடிக்கிற வேலைதான். கல்லைப் பற்றிச் சந்தேகம் வந்தால் திருச்சி நேஷனல் காலேஜில் ஜியாலஜி துறை இருக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு, "கைடு ஒத்துக்குவாரா மாமா?" என்றான்.

தெரியாதுடா. ஆனால் வைவாவில் யாருக்கு உபயோகம் என்று கேட்டால், நீ தரையைப் பார்க்க வேண்டியிருக்காது.