கட்டுமரம் போன தூரம்

1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை ஒரு பாய்க்கப்பல் அடைந்தது. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ அது. அதை வாங்கிய அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் தன் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார். அதற்கு வெகு முன்பே தமிழ்க் கடற்கரையின் சொல்லொன்று அந்நாட்டில் குடியேறிவிட்டது: கட்டமரான்.

ஆங்கிலத்தின் கடற்சொற்களில் பழையவை பல கிரேக்கக் கொடை. ஓஷன், ஆங்கர், நோட்டிக்கல் எல்லாம் இலத்தீன் வழியாக வந்தவை. கடற்சொல் அல்லாத ‘ஜிஞ்சர்’ கூட கிரேக்க ‘சிங்கிபெரிஸ்’ வழி வந்ததே. அதன் வேரை நம் இஞ்சியோடு இணைக்கும் அறிஞர் உண்டு.

கட்டுமரத்துக்கு இந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. சோழமண்டலக் கரையில் கண்டதை அதன் பெயரோடு ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் அச்சேற்றினார்.

நம் கட்டுமரத்தில் ஆணி கிடையாது. நடுமரம் நீளமாக இருக்கும். பக்கமரங்களைச் சேர்த்துக் கயிற்றால் இறுக்குவார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்து வெயிலில் காயவிடுவதும் உண்டு. ஆங்கிலேயர் பெயரை எடுத்துக்கொண்டார்களே தவிர, பொருளைக் கண்டபடி மாற்றினார்கள். 1804இல் பிரெஞ்சுக் கப்பல்கள்மீது ஏவிய வெடிப்பெட்டிகளுக்கு அந்தப் பெயர். சண்டைக்காரிக்கும் அதே பெயர், இது கொஞ்சம் அநியாயம்! கடைசியில் பசிபிக் தீவினரின் இரட்டை உடல் படகில் போய் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நதானியல் ஹெரஷோப் 1876இல் கட்டிய அப்படியான படகு ‘அமரிலிஸ்’ நியூயோர்க் போட்டியில் மற்றவற்றை முந்தியது. அதன்பின் அவ்வகைப் படகுகளை வழக்கமான போட்டிகளில் சேர்க்க மறுத்துவிட்டார்கள்.