முள்ளுக்கு வெளியே இரை

இங்கிலாந்தில் கெண்டை பிடிக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குத் தூண்டிலைக் கட்டிக் காட்டினால், அநேகமாக எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "முள்ளில் இரையே இல்லையே, மீன் எப்படி மாட்டும்?" இரை இருக்கிறது. முள்ளின் வளைவுக்குக் கீழே, ஒரு சிறு இழையில் தனியாகத் தொங்குகிறது. முள் மொட்டையாகக் கிடக்கிறது. காவிரிக் கரையில் மண்புழுவை முள் தெரியாமல் கோக்கப் பழகியவன் நான். மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு தூண்டில்காரர் சங்கத்தில் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம் வந்தது. இன்று அதே குளக்கரையில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, முடிச்சுப் போடும் முறைக்கு முன்னால் அந்த இழை எப்படி வந்தது என்ற கதையைத்தான் சொல்கிறேன். கதை தெரிந்தவர் முடிச்சை மறப்பதில்லை.

சாதாக்கெண்டை இங்கிலாந்துக்குச் சொந்தமான மீன் அல்ல. டான்யூப் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஐரோப்பா முழுக்கக் குளங்களில் வளர்ப்பு மீனாகப் பரவி, பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் இங்கே வந்து சேர்ந்தது. மாமிசம் விலக்கிய விரத நாட்களுக்கு மடங்களும் பிரபுக்களும் குளத்தில் மீன் வைத்திருந்த காலம் அது. 1496இல் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட தூண்டில் நூல்தான் ஆங்கிலத்தில் தூண்டிலைப் பற்றி அச்சேறிய முதல் நூல். ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிகாஸ்திரீ எழுதியதாக வழங்கி வருகிறது. ஊசியைப் பழுக்கக் காய்ச்சி வளைத்து முள் செய்வதும், குதிரைவால் முடியைத் திரித்து நூல் கட்டுவதும் அதில் இருக்கின்றன. கெண்டையைப் பற்றி மட்டும் சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். நாட்டில் அது அதிகம் இல்லை, வாய் மிகப் பலமானது, மெலிந்த தூண்டிலுக்கு நிற்காது என்று எச்சரிக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதன் வாயைக் கவனித்திருக்கிறார்கள் பாருங்கள்! அந்தக் கவனம் அப்புறம் வெகுகாலத்துக்குத் தொலைந்துபோயிற்று.

1653இல் முதலில் வெளிவந்த தன் புகழ்பெற்ற தூண்டில் நூலில் ஐசக் வால்டன் கெண்டையை ஆறுகளின் அரசியாக வைத்தார். அதைப் பிடிக்கப் பொறுமை வேண்டும் என்றார். பிறகு ஒரு சமையல் குறிப்பே தருகிறார்: முயல் இறைச்சியோ பூனை இறைச்சியோ பொடியாக நறுக்கி, அவரைப் பயறு மாவு சேர்த்து, தேனோ சர்க்கரையோ விட்டு உரலில் இடித்துப் பிசைய வேண்டும். உருண்டை தண்ணீரில் கரைந்து முள்ளிலிருந்து விழாமலிருக்கக் கொஞ்சம் கம்பளி மயிரும் சேர்க்கச் சொல்கிறார். படிக்கும்போதே கை பிசுபிசுக்கும். இரையை முள்ளின் மேல் எப்படி நிறுத்துவது என்பதுதான் அவர் கவலை. அவருக்குப் பின்னால் முந்நூறு ஆண்டுகள் எல்லோருடைய கவலையும் அதுவாகவே இருந்தது. தேன் கலந்த மாவு, ரொட்டி, அரை வேக்காட்டு உருளைக்கிழங்கு, மண்புழு என்று இரை மாறிக்கொண்டே போயிற்று. அந்த இரைக்குள் முள்ளை ஒளித்து வைக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

மீனும் லேசில் மாட்டவில்லை. பெரிய கெண்டையைத் தூண்டிலில் பிடிக்கவே முடியாது என்பது இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இங்கே கிட்டத்தட்ட ஒரு நம்பிக்கையாகவே இருந்தது. 1930இல் டெர்பிஷயரின் மேப்பர்லி நீர்த்தேக்கத்தில் ஆல்பர்ட் பக்லி பிடித்த 26 பவுண்டு கெண்டை இருபது வருடத்துக்கு மேல் சாதனையாக நின்றது. அந்த நம்பிக்கையை உடைத்தவர் ரிச்சர்ட் வாக்கர். லெட்ச்வொர்த்தில் புல்வெட்டி இயந்திரம் செய்யும் நிறுவனத்தில் இருந்த பொறியாளர், யுத்த காலத்தில் ரேடார் வேலை பார்த்தவர். பழைய நூல்களில் இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பாத மனிதர். மூங்கில் கீற்றுகளை ஒட்டித் தன் தூண்டில் கழியைத் தானே செய்தார். இருட்டில் மீன் நரம்பை இழுத்தால் ஒலிக்கும் மின்சார மணியையும் அவரே செய்தார். தலையில் சுழல்வளையம் வைத்த பேரிக்காய் வடிவ ஈயம் ஒன்று இன்றும் எல்லாத் தூண்டில் கடையிலும் விற்கிறது. நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் தூர எறிவதற்காக அவர் வடிவமைத்தது அது.

ஹியர்ஃபோர்ட்ஷயரில் ரெட்மயர் என்று ஒரு குளம் இருக்கிறது. மூன்று ஏக்கர் அளவுதான். 1934இல் டொனால்ட் லீனி என்ற மீன் வியாபாரி அதில் 50 கெண்டைக் குஞ்சுகளை விட்டார். குளத்தைப் பாசி மூடாமல் வைத்திருக்கும் என்பது எண்ணம். அவை பதினேழு பதினெட்டு வருடம் யாரும் தொந்தரவு செய்யாமல் வளர்ந்தன. 1951 அக்டோபரில் பாப் ரிச்சர்ட்ஸ் அங்கே 31 பவுண்டு 4 அவுன்ஸ் மீன் ஒன்றைப் பிடித்ததும் வாக்கரின் சிறு குழுவுக்குச் செய்தி போயிற்று. 1952 செப்டம்பர் 13 விடிகாலை, நண்பர் பீட் தாமஸ் பக்கத்தில் இருக்க, வாக்கர் 44 பவுண்டுக் கெண்டையைக் கரையேற்றினார். நம் கணக்கில் ஏறக்குறைய 20 கிலோ. இரை என்ன தெரியுமா? ரொட்டி மாவு உருண்டையும் ரொட்டியின் பொருக்கும். மாவு அமிழும், பொருக்கு மிதக்கும். இரண்டையும் எடை பார்த்துச் சேர்த்ததால் இரை அடிச் சேற்றில் புதையாமல் பாசியின் மேல் மெல்ல இறங்கி உட்கார்ந்தது. இந்தச் சமன் செய்யும் யோசனை எனக்கு அந்த மீனின் எடையைவிடப் பெரியதாகத் தோன்றுகிறது.

மீனை அவர் கொல்லவில்லை. லண்டன் மிருகக்காட்சிசாலைக்குத் தகவல் சொல்ல, அவர்கள் வந்து உயிரோடு கொண்டுபோனார்கள். கிளாரிசா என்று பெயர் பெற்று, 1971 வரை அங்கே தொட்டியில் வாழ்ந்தது. சாதனை மீனைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் மாட்டுவது வழக்கமாக இருந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசியுங்கள். கெண்டையைச் சாப்பிடும் பழக்கம் இங்கே முன்பே தேய்ந்திருந்தது. பிடித்து, எடை பார்த்து, திரும்ப விடுவது வழக்கமாயிற்று.

அடுத்த மாற்றம் அடுப்படியில் நடந்தது. 1960களின் பிற்பகுதியில் கென்ட் பகுதியைச் சேர்ந்த ஃப்ரெட் வில்டன், மீனுக்கு ருசி காட்டினால் போதாது, சத்து கொடுக்க வேண்டும், சத்துள்ள உணவைக் கெண்டை தேடி வரும் என்று வாதாடினார். பால் புரதம், கோதுமை முளை போன்றவற்றைக் கலந்தார். அந்த மாவில் முட்டை சேர்த்து, உருட்டி, கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் மேலே தோல் கட்டும், குட்டி மீன்கள் கொத்திக் கரைக்க முடியாது. பாய்லி என்று இன்று டப்பாவில் வாங்கும் உருண்டை இப்படி வந்ததுதான். அதே காலத்தில் ராட் ஹட்சின்சன் போன்றவர்கள் தானியங்களின் பக்கம் திரும்பினார்கள். சணல் விதை, இனிப்புச் சோளம், பயறு வகைகள், கொண்டைக்கடலை எல்லாவற்றையும் வேகவைத்துக் கைநிறைய வீசி, மீனை மெய்மறந்து மேயவிட்டார்கள். சென்ற கோடையில் ஒரு தமிழ்ப் பையன் என் வாளியை எட்டிப் பார்த்து, "அங்கிள், இது சுண்டல் கடலைதானே?" என்றான். அதேதான், உப்பும் தாளிப்பும் இல்லாத சுண்டல். 1980 ஜூன் 16 அன்று, பருவம் திறந்த முதல் நாளில், கிறிஸ் யேட்ஸ் ரெட்மயரில் 51 பவுண்டு 8 அவுன்ஸ் கெண்டையைப் பிடித்ததும் இனிப்புச் சோள மணியில்தான்.

ஆனால் பாய்லி கெட்டி. அதற்குள் முள்ளை ஒளித்தால் முனை வெளியே வராது, மீனின் உதட்டில் ஏறாது. முனையை வெளியே விட்டால் மீன் உணர்ந்துகொள்ளும். கெண்டைக்கு வாயில் பல் கிடையாது. பல் தொண்டையில் இருக்கிறது. உதடும் அண்ணமும் இரையையும் மண்ணையும் கல்லையும் பிரித்தறிகிற கருவிகள். உறிஞ்சும், சோதிக்கும், பிடிக்காததைத் துப்பும். கண்மூடித் திறப்பதற்குள் இது நடந்துவிடும். மேலே நரம்பு அசைவது கூடத் தெரியாது. இரவெல்லாம் உட்கார்ந்தவர், மீனே வரவில்லை என்று எழுந்து போவார். பத்து முறை வாயில் எடுத்துத் துப்பியிருக்கும்.

லென் மிடில்டனும் கெவின் மேடக்ஸும் செய்த வேலை இந்த இடத்தில்தான் வருகிறது. தொட்டியில் கெண்டையை வைத்து, அது இரை எடுப்பதைப் பார்த்தார்கள். கட்டில்லாத இரையை மீன் தயங்காமல் உள்ளே இழுத்தது. முள் கோத்த இரையைச் சந்தேகப்பட்டது. அப்படியானால் முள்ளையும் இரையையும் பிரித்துவிட்டால்? ஒரு தலைமுடி இழையில் இரையைக் கட்டி, அதை முள்ளின் வளைவில் தொங்கவிட்டார்கள். முடி மெல்லியது, வளைவது, மீனின் உதட்டுக்குத் தெரியாதது. கட்டில்லாததைப் போலவே இரை வாய்க்குள் போயிற்று, முள் பின்னாலேயே சேர்ந்து போயிற்று. மீன் துப்பியபோது இரை வெளியே வந்தது, மொட்டை முள் திரும்பிக் கீழுதட்டில் குத்திக்கொண்டது. மீனைக் காப்பாற்றி வந்த அந்தத் துப்புதலே அதை மாட்டிவிட்டது. முந்நூறு வருடமாக முள்ளுக்கு மேல் என்ன வைப்பது என்று தேடியவர்களுக்கு, ஒன்றும் வைக்க வேண்டாம் என்ற விடை கிடைத்தது. தூண்டில் வரலாற்றில் இதற்கு இணையான கண்டுபிடிப்பு வேறில்லை என்பது என் துணிபு. புது ரசாயனமோ புது உலோகமோ அதற்குத் தேவைப்படவில்லை. மீனின் வாயை உட்கார்ந்து பார்க்கிற பொறுமை தேவைப்பட்டது.

சில காலம் இது ரகசியமாக இருந்தது. அறிந்தவர்கள் கரைக்கு யாராவது வந்தால் தூண்டிலை மறைத்தார்களாம். 1981இல் மேடக்ஸ் தன் 'கார்ப் ஃபீவர்' நூலில் வெளிப்படையாக எழுதிய பிறகு நாடெங்கும் பரவியது. பெரிய கெண்டை ஒரு சில நிபுணர்களுக்கு மட்டும் என்ற நிலை மாறி, விடுமுறைக்கு வருகிற பள்ளிப் பிள்ளைக்கும் கிடைத்தது. அந்த நூலை எழுதியதற்காக அவருக்கு நான் நன்றி சொல்வேன்.

கூடவே ஒரு கேடும் வந்தது. கனமான ஈயத்தை நரம்பில் இறுக்கிக் கட்டினால், குத்துப்பட்ட மீன் மிரண்டு ஓடும்போது அந்த எடையே முள்ளை ஆழமாக ஏற்றும். ஆனால் நரம்பு அறுந்தால் ஈயத்தை இழுத்துக்கொண்டு மீன் பாசியில் சிக்கிச் செத்துப்போகும். ஈயம் தானாகக் கழன்று விழும் கிளிப்புகள் இதற்காகத்தான் வந்தன. அன்னப் பறவைகள் சிறு ஈயக்குண்டுகளை விழுங்கிச் செத்ததால், 1987 முதல் ஒரு அவுன்ஸ் வரையிலான ஈயத்துக்கு பிரிட்டனில் தடை. கெண்டைக்குப் போடும் இரண்டு மூன்று அவுன்ஸ் ஈயம் அந்தத் தடையில் வராது.

புதியவருக்கு நான் கட்டிக் கொடுப்பது இவ்வளவுதான். 12 அல்லது 15 பவுண்டு நரம்பு. இரண்டரை அவுன்ஸ் ஈயம், கழன்று விழும் கிளிப்பில். அதற்குப் பின் ஒரு சாண் பின்னல் நூல், அதன் நுனியில் 8ஆம் எண் முள், கொக்கிநாக்கு இல்லாதது. நூலின் முனையில் முதலில் சிறு கண்ணி போட்டு, இரையை ஏற்றிப் பார்த்து, முள்ளின் வளைவுக்கும் இரைக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, பிறகே முள்ளின் கண்ணில் கோத்த நூலைக் காம்பில் ஏழெட்டுச் சுற்று சுற்றி, மறுமுனையைக் கண் வழியாகப் பின்பக்கமிருந்து திரும்ப இழுக்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் முள் திரும்பாது. அதிகமானால் இரை மட்டும் வந்து போகும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் மாற்றிவிடுங்கள்.

இரைக்கு டப்பா பாய்லி வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டு கொண்டைக்கடலை போதும். ஆனால் முதல் நாள் இரவே ஊறவைத்து, நசுக்கினால் மசியும் வரை வேகவைத்த பிறகுதான் தண்ணீரில் போட வேண்டும். ஊறாத பருப்பு மீனின் குடலில் ஊதி அதைக் கொன்றுவிடும். வேர்க்கடலைக்குப் பல குளங்களில் தடை உண்டு, கரையில் இருக்கும் பலகையைப் படித்துவிட்டு உட்காருங்கள். உரிமச் சீட்டு எடுங்கள். பெரிய வலையும் மெத்தை விரிப்பும் இல்லாமல் கெண்டைக்குத் தூண்டில் போடாதீர்கள். விரிப்பையும் கையையும் நனைத்துவிட்டு மீனைத் தொடுங்கள். முள்ளைக் கழற்றியதும் தண்ணீருக்குள் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்து, அது தானாக வாலை வீசிப் போகும் வரை விடாதீர்கள்.